33 பக்கக் கடிதமும் ஒரு டப்பா உலர்திராட்சையும்

1938-ஆம் வருடம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் வக்கீல் ஒருவர் தன் ஐந்து வயது மகனைப் பற்றி பால்டிமோரில் இருக்கும் ஒரு டாக்டருக்குக் கடிதம் அனுப்புகிறார். தான் சொல்லச் சொல்ல அலுவலக உதவியாளரைத் தட்டச்சு செய்யவைத்த கடிதம். மொத்தம் 33 பக்கம். (செமஸ்டர் பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள்.)

பையன் தனியாக இருந்தால்தான் சந்தோஷமாக இருக்கிறான். அப்பா வீட்டுக்கு வந்தாலும் சரி, வேறு யார் வந்தாலும் சரி, நிமிர்ந்து பார்ப்பதில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் சுழலவிட்டு ரசிக்கிறான். ஆனால் இரண்டு வயதிலேயே நீளமான வேதப் பகுதியை மனப்பாடமாகச் சொன்னான். இப்படி ஒவ்வொன்றாக, எந்த வயதில் என்ன என்று விவரமாக எழுதியிருந்தார் அந்த அப்பா.

கடிதத்தைப் பெற்றவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். ஐந்து வருடம் கழித்து, 1943-ல், 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதில் முதல் குழந்தை இந்த டொனால்ட்தான். கட்டுரையில் டொனால்டைப் பற்றிய விவரங்களில் பெரும்பகுதி அப்பாவின் கடிதத்திலிருந்து வந்தது. அதே சமயம், இவ்வளவு நுணுக்கமாக ஒரு மனிதர் எழுதுகிறாரே என்று, அதை அந்த அப்பாவின் மனப்போக்கைப் பற்றிய ஒரு குறிப்பாகவும் கானர் எழுதிவைத்தார்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அந்த இடம்தான். பெற்றோர் கவனித்ததை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். கவனித்த குற்றத்துக்காக அவர்களையே சந்தேகமாகவும் பார்க்கிறார்கள்! அதற்கு முந்தைய வருடம், 1937-ல், இடமாற்றம் கிடைக்கட்டும் என்று பையனை வீட்டைவிட்டு வெகுதூரத்தில் ஒரு விடுதியில் சேர்க்கவேண்டி வந்திருந்தது. ஒரு வருடம் கழித்துத் தாங்களாகவே போய்த் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

இந்தக் கட்டுரை ஆட்டிசத்தைப் பற்றியது இல்லை. ஒரு குழந்தையின் வளர்ச்சியில் ஏதோ சரியில்லை என்பது முதலில் யாருக்குத் தெரிகிறது, தெரிந்தவரிடம் போய் 'என்ன பார்த்தீர்கள்?' என்று முறையாகக் கேட்க மருத்துவத்துக்கு எத்தனை வருடம் ஆனது என்பதைப் பற்றியது. ஆங்கிலத்தில் டெவலப்மென்டல் ஸ்கிரீனிங் என்பார்கள். ஸ்கிரீனிங் என்பது நோயைக் கண்டுபிடிப்பது ஆகாது. மாவைச் சல்லடையில் போடுகிற மாதிரி. மேலே நிற்பது எல்லாமே கல் கிடையாது, கட்டி தட்டிய மாவாகவும் இருக்கலாம். எடுத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். என் வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வதானால், லெட்ஜர் முழுவதையும் வேகமாகப் புரட்டி, உறுத்துகிற பதிவில் மட்டும் பென்சிலால் டிக் போட்டுவைக்கும் வேலை. ரசீதைத் தேடி ஒப்பிடுவது அடுத்த கட்டம்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்பது எல்லா ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரியும். நம் பிள்ளைத்தமிழிலும் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஒரு வயதை ஒட்டி வாரானை என்று பருவங்கள் வருகின்றன. (உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கிளம்பிவிடாதீர்கள். அவை பாட்டுடைத் தலைவனைக் கொஞ்சுவதற்கு. எந்தப் புலவரும் சப்பாணி கொட்டாத குழந்தையை என்ன செய்வது என்று எழுதவில்லை.) இதை எண்ணிக்கையாக மாற்றியவர் ஆர்னால்ட் கெசல். 1911-ல் யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். முதலில் உளவியலாளர், பிறகு அங்கேயே படித்து 1915-ல் மருத்துவரும் ஆனார். கவிழ்த்த பாதிப்பந்து மாதிரி ஒரு கூண்டு கட்டி, உள்ளே குழந்தையை விட்டு, சுற்றிலும் கேமரா வைத்துப் படம் எடுத்தார். வெளியே நிற்பவர் உள்ளே பார்க்கலாம், உள்ளிருக்கும் குழந்தைக்கு வெளியே தெரியாது. கட்டையை எப்போது பிடிக்கிறது, எப்போது ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறது என்று சட்டம் சட்டமாகப் பார்த்து அட்டவணை போட்டார். 1925-ல் முதல் பெரிய புத்தகம் வந்தது. இன்று வீட்டுச் சுவரில் ஒட்டும் 'இத்தனை மாதத்தில் இது' அட்டவணைகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

கெசலின் குழந்தைகள் பெரும்பாலும் நியூ ஹேவன் நகரத்து நடுத்தர வெள்ளைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சோதனையைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆளும் நிறைய நேரமும் வேண்டும். காய்ச்சலும் இருமலுமாக வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் சாதாரண டாக்டருக்கு அது எதற்கு ஆகும்? அவர் குழந்தையைப் பார்ப்பார், கன்னத்தைக் கிள்ளுவார், 'நல்லா இருக்கான்' என்பார். பல பத்தாண்டுகள் ஸ்கிரீனிங் என்பது அந்தக் கன்னக் கிள்ளல்தான்.

மாற்றம் வந்தது விசித்திரமான ஒரு வழியில், ராணுவத்திலிருந்து. 1964 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கு ஓர் அறிக்கை தரப்பட்டது. அதன் தலைப்பே 'தேசத்தின் மூன்றில் ஒரு பங்கு' என்பதுதான். 18 வயதை எட்டும் இளைஞர்கள் அத்தனை பேரையும் ராணுவத் தேர்வுக்கு அழைத்தால் மூன்றில் ஒருவர் தேறமாட்டார் என்று அது சொன்னது. சிலருக்கு உடல்குறை, சிலருக்குப் படிப்புக்குறை. இவற்றில் பல சிறுவயதிலேயே கவனித்திருந்தால் சரியாகியிருக்கக் கூடியவை. குழந்தைகள் மேல் வந்த அக்கறையை விட சிப்பாய்கள் கிடைக்கவில்லையே என்ற கவலைதான் கதவைத் திறந்தது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்காது. 1965-ல் ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீடு வந்திருந்தது. 1967-ல் அதனுடன் ஒரு கடமை சேர்க்கப்பட்டது: அதில் இருக்கும் குழந்தைகளைக் குறித்த காலங்களில் சோதித்து, குறையைக் கண்டறிந்து, சிகிச்சையும் தரவேண்டும்.

அதே 1967-ல்தான் கொலராடோ பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவர் வில்லியம் ஃப்ராங்கன்பர்க்கும் உளவியலாளர் ஜோசையா டாட்ஸும் டென்வர் சோதனையை வெளியிட்டார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பொருள் அந்தச் சோதனைப் பெட்டிதான். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு சிவப்பு நூல்கண்டு. ஒரு டப்பா உலர்திராட்சை. ஒரு கிலுகிலுப்பை. வாய் குறுகிய சின்னக் கண்ணாடி பாட்டில். ஒரு மணி. ஒரு டென்னிஸ் பந்து. ஓரங்குல வண்ணக் கட்டைகள் எட்டு. ஒரு பென்சில். பெட்டிக்கடைக்கும் பொம்மைக்கடைக்கும் ஒரு நடை போனால் பெரும்பாலும் வாங்கிவிடலாம்.

சிவப்பு நூலை முகத்துக்கு நேரே ஆட்டினால் கண் பின்தொடர்கிறதா? உலர்திராட்சையை உள்ளங்கையால் வாருகிறதா, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துப் பொறுக்குகிறதா? கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று எத்தனை அடுக்குகிறது? இப்படி 105 செயல்கள். பழகுதல், கைவேலை, பேச்சு, உடலசைவு என்று நான்கு பிரிவு. டென்வர் நகரத்தில் 1,036 குழந்தைகளைச் சோதித்து, ஒவ்வொரு செயலையும் 25, 50, 75, 90 விழுக்காட்டுக் குழந்தைகள் எந்த வயதில் செய்கிறார்கள் என்று பட்டைப் பட்டையாக வரைந்துவைத்தார்கள். ஒரே தாள். குழந்தையின் வயதுக்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்கவேண்டும். 90 விழுக்காட்டுக் குழந்தைகள் செய்யக்கூடிய ஒன்றை இந்தக் குழந்தை செய்யவில்லை என்றால் அங்கே குறி. இது அறிவுத்திறனை அளக்கும் சோதனை இல்லை என்று அவர்களே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அந்தத் தாளில் இன்னொரு சிறு விஷயம். சில பட்டைகளில் மட்டும் 'ஆர்' என்ற ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பெற்றோர் சொன்னாலே போதும், செய்து காட்டவேண்டியதில்லை என்று அர்த்தம். அதாவது அம்மாவின் வார்த்தைக்குத் தாளின் ஓரத்தில் ஓர் எழுத்து அளவு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

டென்வர் சோதனை பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் அதைப் பிறப்பித்த நாட்டிலேயே பெரும்பாலான டாக்டர்கள் அதை முழுதாகச் செய்யவில்லை. காரணம் எளிது: நேரம். இருபது நிமிடம் ஒரு குழந்தைக்குக் கட்டை அடுக்க முடியாது. அதைவிடக் குழந்தைகள் ஒத்துழைக்கவேண்டுமே! ஊசி போட்ட அறையில் வெள்ளைக்கோட்டு மாமா திராட்சை நீட்டினால் எந்தக் குழந்தை எடுக்கும்? 1976-ல் ஃப்ராங்கன்பர்க்கே, முழுச் சோதனைக்கு முன்னால் பெற்றோர் பதில் எழுதும் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அந்த ஓர எழுத்து ஒரு முழுத் தாளாக வளர்ந்துவிட்டது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். என் பெரியம்மா மகள், அக்கா, தன் மூத்த பையனுக்கு இரண்டு வயதானபோது ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான் டாக்டர், மிக்ஸி போட்டா மட்டும் அழுவுறான்" என்றாள். அவர் பையனுக்குப் பின்னால் போய் நின்று ஒரு தடவை கை தட்டினார். பையன் திரும்பினான். "காது நல்லாத்தான் கேக்குது. ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், நீங்க கவலைப்படாம இருங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. யார் யார் எத்தனை வயதில் பேசினார்கள் என்று ஒரு பட்டியலே வந்தது. நான்கூட அதில் இருந்தேன். பையனுக்கு மூன்றேகால் வயதில் வேறொரு ஊரில் பெரா டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது: தாழ்ந்த சத்தங்கள் கொஞ்சம் கேட்கின்றன, உயர்ந்த சத்தங்கள் கேட்கவில்லை. மிக்ஸி இரைவது கேட்கும். 'கண்ணா, இங்க பாரு' கேட்காது. அக்கா முதல்நாள் சொன்ன வாக்கியத்துக்குள்ளேயே மொத்த விடையும் இருந்தது. அவளை யாரும் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவே.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் மட்டும் கிடையாது. 1997-ல் பிரிட்டனில் ஹௌலின், மூர் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள 1,200-க்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்களிடம் கேட்டார்கள். இரண்டு வயது முடிவதற்குள்ளேயே பெற்றோருக்குக் கவலை வந்திருக்கிறது. மருத்துவர்கள் பெயர் வைத்துச் சொன்னது சராசரியாக ஆறு வயதில். இடைப்பட்ட நான்கு வருடத்தில் என்ன நடந்தது? கணிசமானவர்களிடம் முதல் முறை சொல்லப்பட்டது 'கவலைப்படாதீர்கள்' என்பதுதான்.

அப்படியானால் அம்மாக்கள் சொல்வதை நம்பலாமா? இதை ஆராய்ச்சியாகக் கேட்க 1970-களின் கடைசி வரை ஆனது. அழகான ஒரு சங்கதி, அதைக் கேட்டவர்களில் ஒருவர் கெசலின் மரபில் வந்த ஹில்டா நாப்லாக். கூண்டுக்கு வெளியே நின்று பார்த்த பள்ளியின் வாரிசு, 1979-ல், பெற்றோர் தாங்களே எழுதித் தரும் விவரம் எவ்வளவு சரி என்று சோதித்துக் கட்டுரை எழுதினார். அதே காலத்தில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் டயான் ப்ரிக்கர், ஜேன் ஸ்கொயர்ஸ் குழு இந்த யோசனையை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலை பார்த்தது. 1995-ல் புத்தகமாக வந்தது. சுருக்கமாக ஏ.எஸ்.க்யூ. வயதுக்கு ஒரு தாள், முப்பது கேள்வி, பதில் மூன்றே வகை: ஆமாம், சில சமயம், இன்னும் இல்லை. பத்து, ஐந்து, பூஜ்யம். வீட்டிலேயே குழந்தையிடம் செய்து பார்த்துவிட்டுக் குறிக்கலாம். 'இல்லை' என்று போடாமல் 'இன்னும் இல்லை' என்று போட்டவரின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொருவர் ஃப்ரான்சஸ் பேஜ் கிளாஸ்கோ. இவர் இரண்டு வேலை செய்தார். முதல் வேலை இடிப்பது. 1992-ல் டென்வர் சோதனையின் புதிய பதிப்பு வந்தது, 125 செயல்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் தயாரித்தது. அதே வருடம் கிளாஸ்கோ குழு அதைச் சோதித்துப் பார்த்தது. பிரச்சினை உள்ள குழந்தைகளில் 83 விழுக்காட்டை அது பிடித்தது. நல்லதுதானே? ஆனால் பிரச்சினை இல்லாத குழந்தைகளில் 43 விழுக்காட்டை மட்டுமே அது சரி என்று விட்டது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நூறு குழந்தைகளில் 15 பேருக்குப் பிரச்சினை என்றால், பிடிபடுவது 12 பேர். மீதி 85 பேரில் 48 பேர் தேவையில்லாமல் மாட்டுவார்கள். ஆக மாட்டும் அறுபது பேரில் உண்மையானது ஐந்தில் ஒன்று. 'சந்தேகம்' என்று வருவதையும் தேறியதாகக் கொண்டால் தவறாக மாட்டுவது குறைகிறது, ஆனால் பிடிபடுவது 56 விழுக்காடாக விழுகிறது. ஆடிட்டிங் வகுப்பில் இதே தொல்லையைத்தான் படிக்கிறோம். வலையின் கண்ணைச் சுருக்கினால் குப்பை வரும், பெரிதாக்கினால் மீன் போகும்.

இரண்டாவது வேலை கட்டுவது. 1997-ல் கிளாஸ்கோ வெளியிட்ட பெட்ஸ் என்ற தாளில் கேள்விகள் பத்தே பத்து. குழந்தை கட்டை அடுக்குமா, பந்து உருட்டுமா என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பேச்சைப் பற்றிக் கவலை உண்டா, சொல்வது புரிகிறதா என்பதில் கவலை உண்டா, நடத்தையில் கவலை உண்டா... அவ்வளவுதான். கவலையைக் கேட்கிறது! எந்த வயதில் எந்தக் கவலை வந்தால் எவ்வளவு கவனிக்கவேண்டும் என்பதை ஆராய்ச்சி செய்து ஓர் அட்டவணையாக்கினார். கவலை மட்டும் கேட்டே, பிரச்சினை உள்ள நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது. பெட்டி வேண்டாம், மணி வேண்டாம், திராட்சை வேண்டாம். தாய் கவலைப்படுவதே ஓர் அளவுகோல் என்று ஆனது. 33 பக்கம் எழுதிய அந்த மிசிசிப்பி வக்கீலை நினைத்துக்கொண்டேன்.

நடத்தை, மனநிலை விஷயத்திலும் இதே போக்குதான். 1988-ல் பாஸ்டனில் மைக்கேல் ஜெலினெக் குழு 35 வரிக் கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டது, காத்திருக்கும் அறையிலேயே பெற்றோர் நிரப்புவதற்கு.

ஆட்டிசத்துக்கென்று தனிச் சோதனை வந்தது 1992-ல், இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோஹன் குழுவிடமிருந்து. 18 மாதக் குழந்தை ஒரு பொருளைக் காட்ட விரலை நீட்டுகிறதா, நாம் பார்க்கும் திசையில் பார்க்கிறதா, சும்மா டீ ஊற்றுகிற மாதிரி விளையாடுகிறதா. இதில் பெற்றோரிடம் கேட்கும் பகுதி ஒன்று, வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியர் தானே பார்க்கும் பகுதி ஒன்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்தார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சரியாகவே பிடிபட்டார்கள். ஆனால் பல வருடம் கழித்துப் பார்த்தால் ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் நழுவியிருந்தார்கள். அமெரிக்காவில் வீடுவீடாக வரும் செவிலியர் கிடையாது. 2001-ல் டயானா ராபின்ஸ், டெபரா ஃபைன் குழு அந்த நேரில் பார்க்கும் பகுதியையே எடுத்துவிட்டு, 23 கேள்விகளாகப் பெற்றோரிடமே கொடுத்தது. கூடவே ஒரு புத்திசாலித்தனம்: மாட்டியவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு அதே கேள்விகளை உதாரணத்தோடு மறுபடி பேசுவது. என் அக்காவுக்குக் கிடைக்காத 'அடுத்த கேள்வி' அதுதான்.

கருவி வந்துவிட்டது. டாக்டர்கள் பயன்படுத்தினார்களா? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2006-ல் தெளிவாகச் சொன்னது: 9, 18, 30 மாதங்களில் கட்டாயம் ஒரு தரப்படுத்திய தாள். ஆட்டிசத்துக்கும் தனியாக ஒன்று. 2002-ல் இப்படிப்பட்ட தாள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்ன டாக்டர்கள் 21 விழுக்காடு. 2016-ல் 63 விழுக்காடு. இந்த ஏற்றத்துக்கு உபதேசம் மட்டும் காரணம் கிடையாது. வணிகவியல் மாணவன் என்பதால் என் கண் அங்கேதான் போகிறது: பில். இந்த வேலைக்கென்று 96110 என்று ஒரு கட்டணக் குறியீடு உண்டு. வட கரோலினாவில் 2000-ல் கில்ஃபோர்ட் மாவட்டத்தில் ஆரம்பித்த முயற்சியில், வரவேற்பறையில் தாளைக் கொடுப்பது யார், மதிப்பெண் கூட்டுவது யார், எங்கே அனுப்புவது என்று வேலையைப் பிரித்தார்கள். மாநில மெடிகெய்டு அதைக் கட்டாயமாக்கியது. பத்து டாக்டர் மாநாடு செய்யாததை ஒரு வவுச்சர் நடைமுறை செய்தது.

எங்கே அனுப்புவது என்பது சின்னக் கேள்வி இல்லை. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய விதிகளில் ஒன்று, கண்டுபிடித்த பிறகு சிகிச்சைக்கு இடம் இருக்கவேண்டும் என்பது. அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உதவித் திட்டத்துக்குச் சட்டம் வந்தது 1986-ல்தான். டென்வர் பெட்டி வந்து 19 வருடம் கழித்து! அதுவரை சல்லடையில் நின்றதை எங்கே கொட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும், அவர்கள் முட்டாள்கள் இல்லை. 2016-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, யாருக்கும் எந்தக் கவலையும் இல்லாத குழந்தைகளுக்கு ஆட்டிசச் சோதனை செய்வதால் நன்மை கூடுதலா தீமை கூடுதலா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே வருடம் கனடாவின் பணிக்குழு இன்னும் ஒரு படி மேலே போய், கவலை எதுவும் இல்லாத 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு இந்தத் தாள்களே வேண்டாம் என்றது. 2019-ல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை கிட்டத்தட்ட 26,000 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. 23 கேள்வித் தாள் அன்றாட மருத்துவத்தில் ஆட்டிசக் குழந்தைகளில் 39 விழுக்காட்டைத்தான் பிடித்திருந்தது. மாட்டியவர்களில் ஆட்டிசம் என்று உறுதியானது 15 விழுக்காடு. ஏழைக் குடும்பங்களிலும் வெள்ளையர் அல்லாத குடும்பங்களிலும் அது இன்னும் மோசமாக வேலை செய்தது. கெசலின் நியூ ஹேவன் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்களா?

ஆனால் இரண்டு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்வதைக் கவனித்தேன். கனடாக்காரர்கள் 'வேண்டாம்' என்று சொன்னது கவலை இல்லாத குழந்தைகளுக்கு மட்டும். அம்மாவுக்குக் கவலை இருந்தால் அது ஸ்கிரீனிங்கே கிடையாது, நேரடியாகப் பரிசோதனை. அவர்கள் கணக்கில் அம்மாவின் கவலைதான் சல்லடை. கனடாவுக்குப் பதிலாக எனக்கு இருக்கும் கேள்வி: கேட்காமலே கவலையைச் சொல்லும் துணிச்சல் எத்தனை அம்மாக்களுக்கு இருக்கிறது? சொன்ன அக்காவையே கை தட்டி அனுப்பினார்கள்.

இந்த வரலாற்றின் ஒரு கிளை நம் பக்கத்திலும் இருக்கிறது. பரோடாவில் ப்ரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளை வைத்து வயது அளவுகளைத் தயாரித்தார். அதிலிருந்து 17 செயல்களைப் பொறுக்கி, திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் குழு 1991-ல் ஓர் அட்டவணை வெளியிட்டது. பிறப்பு முதல் இரண்டு வயது வரை. பெட்டி கிடையாது, பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஐந்தாறு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கறுப்புப் பட்டை. அதன் இடது முனை 3 விழுக்காட்டுக் குழந்தைகள் அதைச் செய்யும் வயது, வலது முனை 97 விழுக்காட்டுக் குழந்தைகள் செய்யும் வயது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிற்கவைக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக விழும் பட்டையில் ஒன்றைச் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க அனுப்பவேண்டும். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய் இவற்றுடன் வளர்ச்சித் தாமதத்தையும் சேர்த்தார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழு போய்ப் பார்த்து, மாவட்ட அளவில் உள்ள மையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு.

அக்காவின் மூத்தவன் இப்போது காதுக் கருவியோடு பள்ளிக்கூடம் போகிறான். கணக்கில் கெட்டி, பேச்சு கொஞ்சம் மெதுவாக வருகிறது. போன மாதம் லீவுக்குப் போனபோது, அந்தத் திருவனந்தபுரம் அட்டவணையின் அச்சுப்பிரதி ஒன்றை எடுத்துப்போயிருந்தேன். இரண்டாவது பையனுக்கு எட்டு மாதம். (நான் களப்பணியாளன் இல்லை, இதைப் படித்துவிட்டு நீங்களும் வீட்டில் வைத்தியம் ஆரம்பிக்காதீர்கள்.) எட்டாம் மாதத்தில் பென்சிலை நிறுத்தினேன். அக்கா குனிந்து, இடப்பக்கம் இருந்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். "தலை நிக்கிறது, ஆச்சு. குப்புற விழறது, ஆச்சு." எல்லாம் ஆச்சு. பென்சிலை எடுக்கப் போனேன்.

"இருடா, சரியா எட்டாம் மாசத்துலதான் வச்சியா? மறுபடி ஒருக்கா வை" என்றாள்.